நீர் நாய்

ஜூன் 8
(எழுதி, அனுப்பாமல் மடித்து வைத்தது)

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வாலு எழுதுகிறேன். நீங்கள் நலமா? காட்டு ஆராய்ச்சி முகாமில் உங்களோடு வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் கொசுக்களும் அட்டைகளும் நலமா? நாங்கள் நலமில்லை.

அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. சாதாரணக் கட்டி இல்லை, எல்லாரும் பெயரைச் சொல்லாமல் குரலைத் தாழ்த்திப் பேசும் கட்டி. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு காகிதத்தில் கழுத்தை வரைந்து, அதில் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் இருப்பதை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்றார். குரல்வளை மொத்தமும். எடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியாக. பேச்சு மட்டும் இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் ஆபரேஷன்.

நீங்களும் அப்பாவும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. இனி பேசுவதென்றால் ஆகஸ்டுக்குள் பேசினால்தான் உண்டு. அதற்கப்புறம் நீங்கள் பேசலாம், அப்பா கேட்கலாம். சண்டைகூட ஒருபக்கமாகத்தான் நடக்கும்.

இதுவரை எழுதியதை அப்பா என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டார். குரல் இப்போது சல்லடையில் சலித்த மாதிரி வருகிறது. "இதை அவனுக்கு எழுதக் கூடாது. பாவம்னு வந்து நிக்கிறவன் எனக்கு வேணாம். அண்ணன்னு வரட்டும்" என்றார். வார்த்தை கொடு என்று கையை நீட்டினார். கொடுத்தேன். நான் எவ்வளவு புளுகுவேன் என்று தெருவுக்கே தெரியும். அதனாலேயோ என்னவோ, கொடுத்த வார்த்தை ஒன்றையாவது காப்பாற்றித் தொலைக்க வேண்டும் போலிருக்கிறது.

இந்தக் கடிதம் வரலாற்றுப் புத்தகத்துக்குள் போகிறது. அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள், நான் உட்பட.

வாலு


ஜூன் 9

மாண்புமிகு மரமேறிச் சித்தப்பாவுக்கு, வாலை ஆட்டிக்கொண்டே உங்கள் அண்ணன் மகள் எழுதுவது.

அம்மா நலம். யூனிபார்ம் கடையில் இந்த மாதம் தையல் அதிகம், வீடெல்லாம் நீலநிற நூல். நான் அதிநலம். எதிர்வீட்டு வாத்தியார் மட்டும் நலமில்லை. அவர் வாசல் அழைப்புமணியில் பால்காரர் ஹார்ன் சத்தத்தை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள், பாவம் மனிதர் அழுத்துபவர்களிடம் எல்லாம் பாத்திரத்தை நீட்டுகிறார். யார் செய்தது என்று விசாரணை நடக்கிறது. நானும் தீவிரமாக விசாரிக்கிறேன்.

அப்பாவுக்குத் தொண்டை கட்டி இருக்கிறது. இந்த வரியை நிறுத்தி நிதானமாகப் படிக்கவும்.

போன தடவை அழுங்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உடம்பெல்லாம் செதில், வாயில் ஒரு பல்லும் கிடையாது, எறும்பைத் தின்னும், யாராவது தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் என்று. எனக்கு ஒரு சந்தேகம். அழுங்கு அழுதால் எப்படித் தெரியும்? சுருண்டு கிடப்பது தூங்குகிறதா, பயப்படுகிறதா, வருத்தப்படுகிறதா என்று எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பீர்கள்? கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டுக் கட்டிலிலும் ஒன்று அப்படிக் கிடக்கிறது. செதில்தான் இல்லை.

ஆகஸ்டுக்குள் ஒரு முறை வந்து போங்கள். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் என் வாலை நானே கடித்துக்கொள்ள வேண்டிவரும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
வாலு


ஜூலை 2

வாலுக்கு, காட்டிலிருந்து சித்தப்பா.

ஜீப் படுத்துவிட்டதால் உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நான் நலம். அட்டைகள் என்னைவிட நலம்.

நீ கேட்டதற்குப் பதில்: தெரியாது. சுருண்ட அழுங்குக்கு முன்னால் நானும் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். தூரமாகப் போய்ச் சத்தமில்லாமல் காத்திருப்பது ஒன்றுதான் வழி. முதலில் மூக்கு வெளியே வரும். போன வாரம் ஒன்று விரிந்தபோது உள்ளே ஒரு குட்டி இருந்தது. இவ்வளவு நேரம் அதைத்தான் பொத்தி வைத்திருந்திருக்கிறது.

இன்னொரு சேதி. முகாமுக்குப் பின்னால் ஒரு தேவாங்கு வந்திருக்கிறது. என் உள்ளங்கை அகலம்தான் உடம்பு, அதில் பாதி கண். "தேவாங்கு மாதிரி முழிக்காதே" என்று என்னைத் திட்டித்தான் வளர்த்தார்கள். திட்டியவர்கள் யாரும் அதை நேரில் பார்க்கவில்லை. அவ்வளவு கவனமாக முழிக்க எனக்கு இன்னும் வரவில்லை. ஒரு கிளையிலிருந்து கையை எடுப்பதற்குள் இன்னொரு கிளையை அழுத்தமாகப் பிடித்துக்கொள்கிறது. குதிப்பது என்பதே அதற்குக் கிடையாது.

வரச் சொல்கிறாய், காரணம் சொல்லமாட்டேன் என்கிறாய். சென்ற வருஷம் ஒரு பொட்டலம் அனுப்பினாயே, சருகுமான் புழுக்கை என்று சீட்டு ஒட்டி? அதைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு ஆராய்ச்சி அதிகாரியிடம் பெருமையாக நீட்டினேன். அவர் மோந்து பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல ஆடு ஜாஸ்தியா?" என்றார். ஆகவே வாலு, உன் அவசரத்தை எல்லாம் நான் இப்போது மோந்து பார்த்துத்தான் நம்புகிறேன்.

அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருந்தால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல். பம்ப் ஹவுஸ் ஈரம், அதுதான்.

நான் வராததற்குக் காரணம் உனக்கே தெரியும். பம்ப் ஹவுஸில் மோட்டார் பார்க்கும் வேலையை எனக்கு வாங்கித் தந்தவர் அண்ணன். பறக்கும் அணில் ஒன்றின் பின்னால் போய் மோட்டாரை நிறுத்த மறந்தவன் நான். தொட்டி வழிந்து தெரு முழுகியதற்கு விளக்கக் கடிதம் எழுதியவர் அவர். அண்ணனுக்குக் கோபம் வந்தால்தான் மரியாதை வரும். "நீர் இனிமேல் என் கண்ணில் படாதீர்" என்றார். படவில்லை. அவர் கையால் ஒரு வரி எழுதட்டும், அடுத்த ஜீப்பில் ஏறுகிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

சித்தப்பா


ஜூலை 11

அன்புச் சித்தப்பாவுக்கு,

நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்துக்குத் தள்ளிவைக்கிறேன், இப்போது நேரமில்லை.

நீங்கள் கேட்ட ஒரு வரி வருகிறது. அப்பாவுக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ம்" என்றார். அந்த "ம்"முக்கே தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் வேறெதுவும் இல்லை. நேற்று வேலையிலிருந்து முழங்கால்வரை நனைந்து வந்தார். முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம். அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என்னிடம் பேனா கேட்டார், தபால் அட்டை கேட்டார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். கையைத் தட்டிவிட்டார்.

என்ன எழுதினார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவரே சொல்லட்டும். எனக்குத் தெரிந்து அவர் எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

படித்ததும் கிளம்பிவிடுவீர்கள். கட்டிலுக்கடியில் உங்கள் பழைய பாயை உதறி வைத்துவிட்டேன்.

சந்தோஷ அவசரத்தில்,
வாலு


ஜூலை 11
(தபால் அட்டை)

தம்பிக்கு,

நீர் நாய். இதுவரை நான் நம்பவில்லை. நேற்றுதான் தெரிந்தது. நாற்றம் தாங்கவில்லை. வந்தால் காட்டுகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 1

வாலுக்கு,

அட்டை வந்தது. கவரில் போட்டிருந்தாலாவது நான் மட்டும் படித்திருப்பேன். ஜீப் ஓட்டுநர் வரும் வழியிலேயே படித்து, சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னும் இன்னொரு தடவை உரக்கப் படித்தான். சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்று வருஷம் யோசித்து அவர் எழுதிய ஒரு வரி இதுதானா? நான் நாய். அது அவருக்கு நேற்றுதான் தெரிந்ததாம். அதற்கும் மரியாதையாக ஒரு "நீர்". "வந்தால் காட்டுகிறேன்" என்று மிரட்டல் வேறு. இங்கே தண்ணீர் கஷ்டம், நான் தினம் குளிப்பதில்லை என்பது உண்மை. அந்த நாற்றம் அவ்வளவு தூரம் வருமா?

சிரித்துக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. தேவாங்கு இருக்கும் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தேன். பார்க்க முடியவில்லை.

நீ பேனா எடுத்துக் கொடுத்திருக்கிறாய். பாய் வேறு உதறி வைத்திருக்கிறாய். இது உன் குறும்பு என்றால் இதுவே கடைசியாக இருக்கட்டும். உன் குறும்பு இல்லை என்றால், நீயும் இனி எழுத வேண்டாம்.

சித்தப்பா


ஆகஸ்ட் 9

சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் காலண்டரைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பா உங்களை நாய் என்று சொல்லவில்லை. அவர் பார்த்தது நீர்நாய். தண்ணீரில் வாழுமே, வழுவழுவென்று, மீசை வைத்து, அந்த நீர்நாய். இந்த ஆற்றில் அது இருக்கிறது என்று நீங்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டபோது அப்பா நம்பவில்லை. அதைத்தான் "இதுவரை நான் நம்பவில்லை" என்று எழுதினார். பம்ப் ஹவுஸ் வண்டல் தொட்டியின் சுவரில் ஏறி, இரண்டு கையாலும் மீனைப் பிடித்துத் தலையிலிருந்து கடித்துத் தின்றதாம். அப்பாவைப் பார்த்து விசில் அடித்ததாம். நாற்றம் அது சுவரில் போட்டுவிட்டுப் போன எச்சத்தினுடையது, மீன் செதிலும் நண்டு ஓடுமாக. "வந்தால் காட்டுகிறேன்" என்றால் வந்தால் காட்டுகிறேன். அவ்வளவுதான்.

நீருக்கும் நாய்க்கும் நடுவே விழுந்த இடைவெளிக்குக் குற்றவாளி பம்ப் ஹவுஸ் பதிவேடு. இருபது வருஷமாக அப்பா எழுதுவது நீர் மட்டம், நீர் வரத்து, நீர் அழுத்தம், நீர் கசிவு. அந்த வரிசையில் நாயும் போய் நின்றுவிட்டது. உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. காட்டினால் அடுத்த அட்டையில் நிஜமாகவே எழுதிவிடுவார்.

இனி நான் எழுதப்போவதில் விளையாட்டு இல்லை. ஓர் இடைவெளியால் நீர்நாய் வசவாகிவிட்டது. என் ஜூன் மாதக் கடிதத்தை எடுங்கள். அப்பாவின் தொண்டையைப் பற்றி ஒரு வரி இருக்கும். அங்கே இடைவெளி விட்டுத்தான் எழுதினேன். நீங்கள் சேர்த்துப் படித்துவிட்டு உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னீர்கள். இப்போது பிரித்துப் படியுங்கள். இதற்கு மேல் ஓர் எழுத்தும் என்னால் எழுத முடியாது, வார்த்தை கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசிக்குள்.

உங்கள் அண்ணன் மகள்


ஆகஸ்ட் 24

பிரித்துப் படித்தேன்.

தொண்டை. கட்டி. இருக்கிறது.

மழையில் ஜீப் வராது. நடந்து இறங்குகிறேன். இந்தத் தாளைச் சமையல்காரரிடம் கொடுத்துப் போகிறேன், இது வருவதற்குள் நான் வந்துவிடுவேன். பின்னே எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.


செப்டம்பர் 19

அன்புள்ள வாலுக்கு,

சித்தப்பா எழுதுவது. முகாமுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணன் குழாய் வழியாகக் கஞ்சி குடிக்கிறாரா, துளையில் சளி அடைக்காமல் இருக்கிறதா, அண்ணி தூங்குகிறாரா என்று எழுது. என் கால் நகம் போனது போனதுதான், புதிது முளைக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அங்கே இருந்தபோது கேட்க வாய் வரவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள், முதன்முதலில் சிக்னல் கிடைத்த நடுவழி ஊரின் பஸ் நிலையத்திலிருந்து அண்ணிக்குப் போன் செய்தேன். அண்ணி போனை அண்ணனிடம் கொடுத்தார். தகரக் கூரை, மேலே மழை, காதுக்குப் பக்கத்திலேயே ஒருவர் ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். அண்ணன் பேசினார். நீளமாகப் பேசினார். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பேசினார். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. இலை அசைவதை வைத்து எந்த மிருகம் என்று சொல்கிறவன் நான். "சத்தமாச் சொல்லுங்க" என்று அந்தத் தொண்டையிடம் எப்படிக் கேட்பது? கடைசியில் ஒரு கேள்வி மாதிரி முடிந்தது. "சரிண்ணே" என்றேன். "சரிண்ணே, சரிண்ணே" என்றேன். கட்டாகிவிட்டது.

பாதை சரிந்து பஸ் நின்றுவிட்டது. சேற்றில் இறங்கி நடந்தேன். நான் ஆஸ்பத்திரி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன் கண் விழித்து என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே இருந்த நாளெல்லாம் அப்படியே. எழுதுவதற்குச் சிலேட்டு கொடுத்திருந்தார்கள், தண்ணீர், வலி, ஜன்னல் என்று அண்ணிக்கு எழுதினார். எனக்கு எழுதவில்லை. நீர்நாயைக்கூட நான் கேட்கவில்லை.

வாலு, அன்று நான் எதற்குச் சரி சொன்னேன்? மன்னிப்புக் கேள் என்றாரா? அதைச் செய்யாமல் வந்து நின்றேனா? அது அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. நீ கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததாக அண்ணி சொன்னார். ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் விடாமல் எழுது.

சித்தப்பா


அக்டோபர் 1

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கஞ்சி இறங்குகிறது. குழாயை எடுத்தாயிற்று. அம்மா உட்கார்ந்தபடி தூங்குகிறாள். வெட்டி எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. டாக்டர் "பார்ப்போம்" என்கிறார். அந்தச் சொல்லை நான் எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தும் அதில் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கை குறுகுறுத்தது. நான் என்ன எழுதினாலும் நீங்கள் நம்பியாக வேண்டும். நல்ல வசனமாக நாலு வரி கட்டிவிட எனக்கு அரை நிமிஷம் போதும். கட்டவில்லை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று நான்தான் அப்பா காதோடு போனைப் பிடித்திருந்தேன். அப்பா சொன்னது இது:

"மலைப்பாதை சரிஞ்சிருக்குன்னு செய்தியில சொல்றான். வராதே. அப்படியே திரும்பிப் போயிடு. எனக்கு ஒண்ணும் பயமில்லே. உனக்கு ஏதாவது ஆச்சுன்னாதான் பயம். இது ஆறினதும் நானே அங்க வர்றேன். நீ சொல்ற அந்த ஜந்து ஒண்ணு விடாம எனக்குக் காட்டணும். அங்கதான் யாரும் பேசவே கூடாதாமே, எனக்குச் சரியான இடம். காட்டுவியா?"

நீங்கள் "சரிண்ணே" என்றீர்கள். போனை நான் எடுத்ததும் அப்பா அம்மாவிடம், "போயிட்டான், பத்திரமா இருப்பான்" என்றார். நர்ஸ் வந்து ஊசி போட்டபோதுகூட முகத்தில் அந்த நிம்மதி இருந்தது. மறுநாள் கண் விழித்தால் நகம் பிய்ந்த காலோடு நீங்கள் எதிரே நிற்கிறீர்கள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு, சரிந்த பாதையில் நடந்து வந்திருக்கிறீர்கள். அதற்குத்தான் சுவர்ப்பக்கம் திரும்பினார். உங்களுக்குக் கேட்டிருக்கும் என்றே நானும் நினைத்தேன். திட்டு வாங்கிய ஆள் மாதிரி நீங்கள் உட்கார்ந்திருந்ததால், எதற்கு என்று உங்களுக்குத் தெரியும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிய ஒரே சமயம், அதுவும் தப்பான சமயம்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை" என்ற இடத்தில் கையைத் தூக்கினார், இன்னொரு தடவை படி என்று. படித்தேன். தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தன. சத்தமே இல்லை, துளையிலிருந்து காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று வருகிறது. மூச்சு அடைக்கிறது என்று அம்மா தையல் மெஷினைத் தள்ளிவிட்டு ஓடிவந்தாள். சிரிக்கிறார் என்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணில் தண்ணீர் வந்ததால், அது சிரிப்பாகவேதான் முடிந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

துளையில் தூசி போகாமல் கழுத்தில் ஒரு துணி கட்டிக்கொள்ள வேண்டும். அம்மா மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்த நீலத்தை அப்பா இன்று காலை கழற்றிப் போட்டார். சிலேட்டில் "மண் நிறம்" என்று எழுதினார். அம்மா ஏன் என்று கேட்டாள். காட்டு மிருகம் நீலத்தைப் பார்த்தால் மிரளுமாம். பழுப்பில் மூன்று தைத்தாயிற்று. சோதனை முடிவு எப்படி வந்தாலும் கிளம்புவது கிளம்புவதுதான் என்று அம்மாவுக்கு நேராகச் சிலேட்டைத் தூக்கிக் காட்டினார். அம்மா நான்காவதைத் தைக்க உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது. பேச்சுத்தான் போயிற்று, இருமல் போகவில்லை. எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது, வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. உங்கள் அழுங்கையும் தேவாங்கையும் இப்போதே கூப்பிட்டுச் சொல்லிவையுங்கள். அது எங்க அண்ணன், பயப்பட வேண்டாம், இருமி முடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்து அங்கேயே இருங்கள் என்று.

அன்புடன்,
வாலு